குதிரையின் நுரையீரலில் பூஞ்சை: கழிச்சலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

வண்டிப் பந்தயத்துக்குக் குதிரை வளர்க்கும் காரைக்குடி வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “கடும் கழிச்சலில் கிடந்த குதிரைக்குத் திடீரென்று மூச்சிரைப்பு வந்து செத்துப்போனது. அறுத்துப் பார்த்த மருத்துவர் நுரையீரலில் பூஞ்சை என்றார். வயிற்றுக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம்?”

நெருங்கிய சம்பந்தம் உண்டு.

மழையில் நனைந்த வைக்கோலை உதறினால் புழுதி கிளம்பும். அதில் அஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேடஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் ஏராளம். ஒவ்வொன்றும் 2 முதல் 3 மைக்ரான்தான் என்பதால் நுரையீரலின் காற்றுப்பை வரை போய்விடும். தீவனத்துக்குள் மூக்கை வைத்தே மேயும் குதிரை தினமும் இதை இழுக்கிறது. ஆனாலும் நோய் வருவது அபூர்வம்.

காரணம் வித்தின் மேல்தோலில் இருக்கிறது. நீர் ஒட்டாத ஒரு புரதப் போர்வை அதைச் சுற்றியிருக்கும். பூஞ்சையை உடலுக்குக் காட்டிக்கொடுக்கும் பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரைப் பொருள் அதற்கு அடியில் மறைந்திருக்கும். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் அந்தப் போர்வையை நீக்கியதும், அதுவரை சும்மா இருந்த எதிர்ப்பு செல்கள் கிளர்ந்தெழுந்தன. ஆனால் முளைக்க வேண்டுமானால் வித்தே அதைக் கழற்றியாக வேண்டும்! ஈரமும் உடல் சூடும் பட்டு வித்து உப்பும்போது போர்வை கிழியும், பீட்டா குளுக்கான் வெளியே தெரியும். முளைக்காவிட்டால் வளர்ச்சி இல்லை, முளைத்தால் பிடிபடும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த இடம் அலுப்பதில்லை.

அப்புறம் மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கும் எதிர்ப்பு செல்கள் அதை விழுங்கும். தப்பி இழையாக நீண்டுவிட்டால் விழுங்க முடியாது. நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் மொய்த்துக்கொண்டு நச்சுப்பொருள்களை உமிழ்ந்து கொல்ல வேண்டும்.

கடும் கழிச்சலில் குடல் அழன்று புண்ணானால் நியூட்ரோஃபில்கள் அங்கே போய்க் குவிகின்றன, ரத்தத்தில் எண்ணிக்கை சரிகிறது. நுரையீரலில் இழையைத் தடுக்க ஆளில்லை. புண்ணான குடல்சுவர் வழியே பூஞ்சை ரத்தத்தில் ஏறி நுரையீரலுக்கு வரவும் வழியுண்டு. இழை ரத்தக்குழாயைத் துளைக்கும், ரத்தம் உறையும், சதை செத்துப்போகும்.

ஐயனாருக்குப் புரவி எடுக்காத குறை என்று ஊரில் பேசினார்களாம். மண்குதிரை செய்து வைப்பது நம் பக்கத்து அழகான வழக்கம், எனக்கும் அதில் பிரியம் உண்டு. ஆனால் குதிரையைப் பறிகொடுத்தவர் மேலேயே பழியைப் போடுவது கொடுமை. குதிரை உயிரோடு இருக்கும்போது இந்த நோயைக் கண்டுபிடிப்பது கடினம். மூச்சுக்குழல் சளியில் பூஞ்சை தெரிந்தாலும், வெறுமனே இழுத்த வித்தா, வளரும் இழையா என்று பிரித்தறிய வேண்டும். அதற்கான ஆய்வுக்கூட வசதிக்கு அரசு தாராளமாகச் செலவழிக்க வேண்டும் என்பேன்.

கொட்டகையில் மற்ற குதிரைகள் இருந்தால் பூசணம் பிடித்த வைக்கோலை இன்றே அப்புறப்படுத்துங்கள். கழிச்சல் கண்ட குதிரைக்கு ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கையையும் பார்க்கச் சொல்லுங்கள்.