ஸ்கைரிமில் எச்.டி. ஆடியோ மாட் போட்டபின் குரல் கெட்டுப்போனால் எங்கே தேடுவது?

டப்பிங், ஒலிக்கலவை என்று நாள் முழுக்கக் குரல்களோடு இருக்கும் வேலை என்னுடையது. அதனால் ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டை ஆடும் நண்பர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் ஒலி மாட் (கேமின் ஒலியை மாற்ற ரசிகர்கள் செய்து பகிரும் ஃபைல்கள்) தொல்லை என்றால் என்னிடம் வந்துவிடுகிறார்கள். புகார் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். "ராத்திரி முழுக்க டவுன்லோடு பண்ணிப் போட்டேன், ஒரு வித்தியாசமும் தெரியலை." "மாட் போட்டதிலிருந்து சில பேருக்குக் குரலே வரலை." "முன்னாடி இருந்ததைவிட மோசமா, போன்ல பேசுற மாதிரி கேட்குது." மூன்றுக்கும் அவர்கள் ஏற்கெனவே செய்து பார்த்திருக்கும் வைத்தியம் ஒன்றுதான்: கேமை முழுசாக நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நேரமும் டேட்டாவும்தான் போகும், கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஒரு குரல் உங்கள் காதுக்கு வருவதற்குள் ஃபைல், கேம் எஞ்சின் (கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருள்), விண்டோஸ், ஹெட்செட் என நான்கு இடங்களைத் தாண்டி வருகிறது. எந்த இடத்தில் கெட்டது என்று தெரியும்வரை எதையும் மாற்றக் கூடாது. நான் எப்போதும் காதுப் பக்கமிருந்து பின்னோக்கித் தேடுவேன். அந்தப் பக்கத்தைச் சோதிப்பது சுலபம், காசும் செலவில்லை, மாட் மீது வீண்பழியும் விழாது.

போனில் பேசுவது மாதிரி கேட்கிறது என்று சொல்பவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "ப்ளூடூத் ஹெட்செட்டா?" என்பதுதான். வழக்கமான ப்ளூடூத் ஹெட்செட்டுக்கு இரண்டு முகம் உண்டு. பாட்டுக் கேட்கும்போது ஏ2டிபி என்ற முறையில் ஸ்டீரியோவாக, முழு அகலத்தோடு ஒலிக்கும். ஏதாவது ஒரு மென்பொருள் அதன் மைக்கைத் திறந்தால் போதும், எச்.எஃப்.பி என்ற அழைப்பு முறைக்கு மாறிவிடும். அப்போது ஒலி மோனோ ஆகிறது, சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பது) 16 கிலோஹெர்ட்ஸுக்கோ 8 கிலோஹெர்ட்ஸுக்கோ இறங்குகிறது. 16 என்றால் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் மிஞ்சாது. வாள் உரசும் கூர்மை, ஸ, ஷ ஒலிகளின் சீறல், மழையின் மினுமினுப்பு எல்லாம் காலி. மாட் போட்ட அன்றே நண்பர்களிடம் காட்ட டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியைத் திறந்திருப்பார்கள். பழி மாட் மேல் விழுந்திருக்கும். டிஸ்கார்டில் மைக்கை லேப்டாப் மைக்குக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு சாதாரண வயர் இயர்போனைச் செருகிக் கேளுங்கள். சரியாகிவிட்டால் தேடலை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எல்.இ. ஆடியோ என்ற புதிய ப்ளூடூத் முறை உள்ள புது ஹெட்செட்டும் அதை ஏற்கும் விண்டோஸ் 11 கணினியும் இருந்தால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது பழைய வகைதான்.

அடுத்தது விண்டோஸ். இங்கே ஒரு விசித்திரமான கோளாறு உண்டு. எதிரே நிற்கும் ஆளை நேராகப் பார்த்தால் குரல் தேய்ந்து எங்கோ தூரத்தில் கேட்கும். கேமராவைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பினால் அதே குரல் முழுசாக வந்துவிடும். கேமில் வரும் வைட்ரன் கோட்டை வாசலில் நிற்கும் காவலாளியிடமே இதைச் சோதிக்கலாம்: அவரை நேராகப் பாருங்கள், பேசும்போது மெல்லத் திரும்புங்கள். குரல் எழுந்து அடங்கினால் உங்கள் விண்டோஸ் 5.1 ஸ்பீக்கர் (நடுவில் ஒன்று உட்பட ஆறு ஸ்பீக்கர்) இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நேரெதிரே இருக்கும் ஒலியை எஞ்சின் நடு ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. உங்களிடம் இருப்பதோ இரண்டு காது மட்டும். நடுவில் போனது யாருக்கும் கேட்காமல் போகிறது. ஒலி அமைப்பில் ஸ்பீக்கர் வகையை ஸ்டீரியோ என்று மாற்றினால் போதும். ஹெட்செட்டோடு வந்த '7.1 சரவுண்ட்' மென்பொருள் ஏதும் இருந்தால் சோதிக்கும் நேரத்துக்காவது அணைத்து வையுங்கள். அதே அமைப்புப் பக்கத்தில் சாம்பிள் ரேட்டையும் பாருங்கள். 192 கிலோஹெர்ட்ஸ் என்று ஏற்றி வைத்திருந்தால் 48 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கிவிடுங்கள். அந்த உயரத்தால் இந்த கேமில் ஒரு பயனும் இல்லை.

இரண்டும் சரி, கோளாறு இன்னும் இருக்கிறதா? அப்புறம்தான் மாட் பக்கம் போக வேண்டும்.

குரல் வராத ஆளின் வாயையும் சப்டைட்டிலையும் கவனியுங்கள். சப்டைட்டில் கண்சிமிட்டும் நேரத்தில் மறைந்து அடுத்த வரிக்கு ஓடினால், வாயும் அசையாவிட்டால், கேமுக்கு அந்தக் குரல் ஃபைலே கிடைக்கவில்லை. வாய் அசைகிறது, சப்டைட்டிலும் முழு நேரம் நிற்கிறது, சத்தம் மட்டும் இல்லை என்றால் ஃபைல் கிடைத்திருக்கிறது. அதைப் படிப்பதிலோ வெளியே அனுப்புவதிலோதான் சிக்கல். ஸ்கைரிமின் குரல் ஃபைல் 'ஃபஸ்' என்ற பொதியாக இருக்கும். உதட்டசைவுத் தகவல் ஒன்று, எக்ஸ்.டபிள்யூ.எம் வடிவில் சுருக்கப்பட்ட குரல் ஒன்று, இரண்டும் ஒரே பொதிக்குள். அதனால்தான் உதடு இவ்வளவு நல்ல சாட்சி.

ஃபைல் கிடைக்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் பாதைதான். குரல்கள் டேட்டா ஃபோல்டருக்குள் சவுண்ட், அதற்குள் வாய்ஸ், அதற்குள் பிளகினின் (மாட்டைக் கேமோடு இணைக்கும் ஃபைலின்) பெயர், அதற்குள் குரல் வகை என்று அடுக்காக இருக்க வேண்டும். ஜிப்பைக் கையால் பிரிக்கிறவர்கள் டேட்டாவுக்குள் இன்னொரு டேட்டாவை உருவாக்கிவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். மாட் ஆர்கனைசர் அல்லது வோர்டெக்ஸ் என்ற மாட் நிர்வாக மென்பொருள் வழியாக நிறுவினால் இந்தத் தவறு குறையும், அமைப்பு வித்தியாசமாக இருந்தால் அவையே எச்சரிக்கும். பிளகின் பெயரில் உள்ள ஃபோல்டரை அழகுக்காகப் பெயர் மாற்றினாலும் குரல் போய்விடும்.

ஃபைல்கள் தனித்தனியாக இல்லாமல், பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டிய பி.எஸ்.ஏ பெட்டகத்துக்குள் இருந்தால் விதிகள் வேறு. பெட்டகத்தின் பெயரும் பிளகினின் பெயரும் ஒன்றாக இருந்து, பிளகின் இயக்கத்தில் இருந்தால்தான் கேம் அந்தப் பெட்டகத்தைத் தானாகத் திறக்கும். பிளகினை அணைத்துவிட்டு "மாட் வேலை செய்யவில்லை" என்று சொல்வதில் பொருளில்லை. 2011-இல் வந்த பழைய பதிப்பின் பெட்டகமும் 2016-இல் வந்த ஸ்பெஷல் எடிஷனின் பெட்டகமும் வெவ்வேறு வகை. எதற்கானது என்று பார்த்துத்தான் இறக்க வேண்டும். இடத்தை மிச்சப்படுத்த நினைத்து ஒலிப் பெட்டகத்தைச் சுருக்கப்பட்டதாகக் கட்டுவது இன்னொரு பெரிய தப்பு. படங்களுக்கு அது சரி. ஒலி உள்ள பெட்டகத்தைச் சுருக்கினால் சத்தமே வராது, சில சமயம் கேம் நின்றுபோகும். சொந்தமாக மாட்களைச் சேர்த்துக் கட்டுகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

வித்தியாசமே தெரியவில்லை என்ற முதல் புகாருக்கு வருகிறேன். இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம்: மாட் ஒலிக்கவே இல்லை, அல்லது ஒலிக்கிறது ஆனால் அதில் புதிதாக ஒன்றும் இல்லை. காதை நம்பாமல் பிரிக்க ஒரு வழி உண்டு. நான் ஸ்டூடியோவில் எந்த டிராக் எங்கே போகிறது என்று பார்க்கச் செய்வதும் இதேதான்: அடையாள ஒலி வைப்பது. முகப்புத் திரையில் ஒலிக்கும் தலைப்பு இசை டேட்டாவுக்குள் மியூசிக், அதற்குள் ஸ்பெஷல் என்ற ஃபோல்டரில், mus_maintheme என்ற பெயரோடு இருக்கும். ஒரு நீளமான பீப் ஒலியை எக்ஸ்.டபிள்யூ.எம் ஆக மாற்றி, அதே பெயரில், உங்கள் எச்.டி. மாட்டுக்குள் அதே பாதையில் தனி ஃபைலாக வையுங்கள். கேமைத் திறந்தவுடன் பீப் கேட்டால் அந்த மாட்டின் தனி ஃபைல்கள் ஜெயிக்கின்றன. பழைய இசையே வந்தால் மாட் இயங்கவில்லை, அல்லது வேறு ஏதோ மாட் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. சேமித்த ஆட்டத்தைக்கூடத் திறக்க வேண்டாம். முடிந்ததும் பீப்பை எடுத்துவிட மறக்காதீர்கள்.

யார் மேல் யார் என்பதிலும் குழப்பம் அதிகம். தனி ஃபைல் எப்போதும் பெட்டகத்துக்குள் இருப்பதை ஜெயிக்கும். இரண்டு மாட்களின் தனி ஃபைல்கள் மோதினால் மாட் ஆர்கனைசரின் இடப்பக்கப் பட்டியலில் கீழே இருப்பது ஜெயிக்கும். வலப்பக்கத்தில் பிளகின்களை மேலும் கீழும் நகர்த்துவதால் அந்த மோதல் தீராது. எச்.டி. ஒலி மாட்டை அந்தப் பட்டியலில் மேலேயே வையுங்கள் என்பது என் பரிந்துரை. காரணம், தவறான குரல் வரிகளைத் தனி ஃபைல்களாகத் திருத்தித் தரும் மாட்களும் உண்டு. அடிப்படை வரிகளை மொத்தமாக மாற்றும் ஒரு பெரிய மாட்டைக் கீழே வைத்தால் அந்தத் திருத்தங்கள் மூடப்பட்டுவிடும்.

மாட் ஒலிக்கிறது, ஆனாலும் புதிதாக ஒன்றும் இல்லை என்றால் அதன் மூலத்தைக் கேட்க வேண்டும். சிறந்த ஒலி மாட்களுக்கு நியாயமான தேவை இருந்தது உண்மை. 2016 அக்டோபரில் ஸ்பெஷல் எடிஷன் வந்தபோது, 2011 பிசி பதிப்பில் சுருக்கப்படாத வேவ் ஃபைல்களாக இருந்த விளைவொலிகள் மிகவும் சுருக்கப்பட்ட எக்ஸ்.டபிள்யூ.எம் ஆக மாறியிருப்பதை விளையாடியவர்களே கண்டுபிடித்தார்கள். கேமை உருவாக்கிய பெதெஸ்டா அதை ஏற்றுக்கொண்டு பேட்ச் கொடுத்தது. குறைவாகச் சுருக்கப்பட்ட மூலத்திலிருந்து எடுத்த மாட் என்றால் லாபம் நிஜம். சுருக்கப்பட்ட அதே ஃபைலைத் திரும்ப வேவ் ஆக விரித்துக் கொடுத்தால், சுருக்கும்போது தூக்கி எறியப்பட்டது திரும்பி வராது. அளவு மட்டும் வீங்கும். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் மோனோ வேவ் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5.3 எம்.பி. பிடிக்கும். வசனம் இவ்வளவு நிறைந்த கேமுக்கு இப்படிச் செய்தால் டிஸ்க் நிரம்பும். பழைய ஹார்டு டிஸ்க்காக இருந்தால் வரி தொடங்கும் முன் திக்கலும் வரலாம்.

ஃபஸ் பொதியிலிருந்து பிரித்து வேவ் ஆக மாற்றிய ஒரு வரியை ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் திறந்து, ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றுங்கள். கீழே மூச்சும் உயிரெழுத்துகளும் பட்டை பட்டையாகத் தெரியும், மேலே ஸ, ஷ வரும் இடங்கள் புகைபோல எழும். அந்தப் புகை ஒரு குறிப்பிட்ட உயரத்தில், கத்தியால் வெட்டியதுபோல நேர்கோட்டில் நின்று அதற்கு மேல் வெறும் கறுப்பாக இருந்தால், அந்தக் குரல் எப்போதோ ஒருமுறை கடுமையாகச் சுருக்கப்பட்டிருக்கிறது. ஃபைலின் பெயரில் எச்.டி. என்று எழுதியிருப்பதால் அது மாறாது. செயற்கை நுண்ணறிவால் மேல்பகுதியை நிரப்பித் தரும் மாட்களில் இந்தக் கோடு தெரியாது. அங்கே காதுதான் நீதிபதி. ஸ வரும் வார்த்தைகளில் உலோகத் தன்மையோ, வாக்கியத்தின் வாலில் தண்ணீருக்குள் பேசுவது போன்ற குழைவோ கேட்டால் எனக்கு அது ஏற்பில்லை. கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் நடிகரின் குரல் நடிகருடையதாகவே இருப்பது நல்லது.

சொந்தமாக ஒலியை மாற்றிப் பார்க்கிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஃபைலின் வடிவம். எங்கள் ஸ்டூடியோவில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்தான் வழக்கம். அதை அப்படியே ஸ்கைரிமில் வைத்தால் மௌனம்தான் கிடைக்கும். வேவ் என்றால் 16 பிட் பி.சி.எம் (சுருக்கப்படாத ஒலி வடிவம்) ஆக இறக்க வேண்டும். இடம் சார்ந்து ஒலிக்க வேண்டிய காலடி, கதவு, குரல் எல்லாம் மோனோவாக இருக்க வேண்டும். ஸ்டீரியோவாகக் கொடுத்தால் எங்கோ தூரத்துக் கதவு உங்கள் மண்டைக்குள் திறக்கும்.

சத்த அளவு பற்றியும் சொல்லியாக வேண்டும். பல ஒலி மாட்கள் மூலத்தைவிட உரக்கச் செய்யப்பட்டவை. உரக்க இருந்தால் நன்றாக இருப்பதாக நம் காது ஏமாறும். ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து கேளுங்கள். புது மாட்டை முதன்முறை திறக்கும்போது ஹெட்செட்டைப் பாதி அளவுக்குக் கீழே வையுங்கள், ஒரு டிராகன் தலைக்கு மேல் கத்தினால் போதும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பாதுகாப்பான கேட்பு என்று சொல்வது வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். அளவு ஏற ஏற அந்த நேரம் வேகமாகக் குறைகிறது. காதில் இரைச்சல் வந்தபின் வரும் இளைஞர்களைப் பார்க்கையில் மனசு கனத்துப்போகிறது.

கேம்களை வாங்கி இறக்கும் தளமான ஸ்டீம் கேமைப் புதுப்பித்த மறுநாள் குரலில்லாத வரிகள் பறந்தோடினால், ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டரின் (மாட்களுக்குக் கூடுதல் வசதி தரும் துணை மென்பொருளின்) பதிப்பும் கேமின் பதிப்பும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். குரலற்ற வரிகளை நிறுத்திக் காட்டும் ஃபஸ் ரோ டோ என்ற மாட் அதன் மேல்தான் ஓடுகிறது. வெறும் ஒலி ஃபைல்களை மாற்றும் மாட் ஒன்றுக்கு எக்ஸிகியூட்டபிள் நிறுவி எதுவும் தேவையில்லை. எங்காவது அப்படிக் கொடுத்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள்.

இத்தனையும் பார்த்தும் தீரவில்லை என்றால் மாட் செய்தவருக்கு எழுதுங்கள். "வேலை செய்யலை" என்று மட்டும் எழுதினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. கேமின் பதிப்பு எண், பழையதா ஸ்பெஷல் எடிஷனா, எந்த ஆளின் எந்த வரி, அந்த நேரத்தில் வாய் அசைந்ததா, சப்டைட்டில் நின்றதா, பீப் சோதனையில் என்ன வந்தது, மற்ற எல்லா மாட்களையும் அணைத்தபின்னும் அப்படியே இருக்கிறதா, இவ்வளவும் எழுதினால் அவர் நேராகக் கோளாறு உள்ள ஃபைலைத் திறந்து பார்க்கலாம்.