கலிபோர்னியா பரோல்: மறுத்தால் அடுத்த விசாரணை எப்போது?

நம் ஊரில் பரோல் என்றால் வீட்டுக் கல்யாணத்துக்கோ சாவுக்கோ சில நாள் வெளியே வந்துவிட்டு மறுபடி சிறைக்குத் திரும்புவது. கலிபோர்னியாவில் பரோல் என்பது விடுதலையேதான். வெளியே வந்தபின் ஒரு காலம்வரை கண்காணிப்பு இருக்கும். ‘25 ஆண்டு முதல் ஆயுள் வரை’ என்று தண்டனை பெற்ற கொலைக் கைதிக்கு அது தானாகக் கிடைக்காது. பரோலுக்குத் தகுதி பெறும் நாளுக்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பு பரோல் வாரியம் முதல் விசாரணையை நடத்தும்.

மறுத்துவிட்டால் அடுத்த வாய்ப்பு எப்போது என்பதைத் தீர்மானிப்பது 2008 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய ‘மார்ஸி சட்டம்’. 1983இல் முன்னாள் காதலனால் கொல்லப்பட்ட கல்லூரி மாணவியின் பெயர் அது. மகள் இறந்த ஒரு வாரத்தில், ஜாமீனில் வந்திருந்த அதே ஆளை மளிகைக் கடையில் பார்த்துத் தாய் அதிர்ந்து நின்றார். ஜாமீன் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. நடந்தது ஜாமீன் விவகாரம். சட்டம் கைவைத்ததோ பரோலிலும்தான்.

முன்பெல்லாம் மறுத்தால் பொதுவாக ஓராண்டு, சில சமயம் 2 ஆண்டு காத்திருந்தால் போதும்; கொலை வழக்கில் மட்டும் அதிகபட்சம் 5 ஆண்டு. இப்போது கணக்கு 15இல் தொடங்குகிறது. அவ்வளவு காலம் தேவையில்லை என்பதற்குத் தெளிவான, நம்பத்தகுந்த சான்று இருந்தால்தான் 10க்கு இறங்கும். பத்தும் தேவையில்லை என்று அதேபோல் தெளிவானால் 7, 5 அல்லது 3. அதற்குக் கீழே கிடையாது. 50 வயதில் 15 வாங்கினால் அடுத்த விசாரணையின்போது வயது 65.

வாரியம் பார்ப்பது, இந்த ஆள் இன்றைக்கு ஆபத்தானவரா என்பதை. பலர் சறுக்குவது இங்கேதான். ‘கைகலப்பில் தவறி நடந்துவிட்டது’ என்று குற்றத்தைச் சின்னதாக்கிப் பேசுவது, அண்மையில் சிறையில் செல்போனோடு பிடிபட்டது, வெளியே போனால் தங்க இடமும் வேலையும் சொல்ல முடியாதது, இவையெல்லாம் பாதகம். உளவியலாளர் தரும் அபாய மதிப்பீட்டு அறிக்கையும் கோப்பில் இருக்கும். அதை முன்கூட்டியே வாங்கிப் படித்து, பிழை இருந்தால் விசாரணைக்கு முன்பே வழக்கறிஞர் மூலம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவருக்கு அரசே ஏற்பாடு செய்யும்.

விசாரணையை முன்கூட்டியே வைக்கச் சொல்லி மனுப் போடலாம். சூழ்நிலை மாறியிருக்க வேண்டும், அல்லது புதுத் தகவல் இருக்க வேண்டும். ஆனால் மூன்றாண்டுக்கு ஒரு மனுதான். மறுத்த ஆத்திரத்தில் மறுமாதமே பழைய காகிதங்களையே இணைத்து அனுப்புகிறவர், கையிலிருந்த ஒரே மனுவைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். புதிய சான்றிதழ், முடித்த பயிற்சி, சிறையில் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாகாத ஆண்டுகள் என்று சேர்த்துக்கொண்டு அனுப்புவதே நல்லது. 3 ஆண்டு மறுப்பு வாங்கியவருக்கு, விசாரணையை முன்கூட்டியே வைக்கலாமா என்று சுமார் ஓராண்டில் வாரியமே கோப்பை எடுத்துப் பார்க்கும்.

வாரியம் சம்மதித்தாலும் அன்றைக்கே கதவு திறக்காது. முடிவு உறுதியாவதற்கு 120 நாள் வரை ஆகலாம். அதன்பின் கவர்னருக்கு 30 நாள். கொலை வழக்கானால் வாரியத்தின் முடிவையே அவர் ரத்து செய்யலாம். மற்ற வழக்குகளில் முழு வாரியமும் கூடி மறுபடி பார்க்கும்படி கேட்க மட்டுமே முடியும்.

2020 ஜூலை 1 முதல் வெளிவரும் ஆயுள் கைதிக்குக் கண்காணிப்பு பொதுவாக அதிகபட்சம் 3 ஆண்டு. பாலியல் குற்றவாளிப் பதிவேட்டில் இருக்க வேண்டியவர்களுக்கு இது பொருந்தாது.