பிஎச்.டி.க்காக அப்பா கடன் வாங்க வேண்டியதில்லை

போன மாதம் ஒரு மாணவியின் அப்பா கல்லூரிக்கு வந்தார். சேலம் செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. பெண் பயோகெமிஸ்ட்ரி எம்.எஸ்சி. இரண்டாம் வருடம். "பிஎச்.டி. படிக்கணும்ங்கறா மேடம். அஞ்சு வருசத்துக்கு மொத்தமா எவ்வளவு ஆகும்னு சொன்னீங்கன்னா இப்பவே எங்கயாச்சும் பொரட்டப் பாக்கறேன்" என்றார். ஜேஆர்எஃப் என்கிற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் அவளுக்கே மாதம் 37,000 ரூபாய் வரும், வீட்டு வாடகைப்படி தனி, பல்கலைக்கழகக் கட்டணத்தை அவளே அதில் கட்டிக்கொள்ளலாம் என்றேன். அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவளுக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

அன்று ராத்திரி முழுக்க இதுதான் மனதில் ஓடியது. முதுகலை முடிக்கப்போகிற பிள்ளைக்கே இது தெரியவில்லை என்றால், சேலத்தில் எத்தனை வீட்டில் "செலவு தாங்காது" என்று சொல்லி ஆராய்ச்சி ஆசையை மூடி வைத்திருப்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

சரி, முதலில் தேர்வு. அறிவியல் பாடங்களுக்கான தேசியத் தகுதித் தேர்வான சிஎஸ்ஐஆர் நெட் வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும். நம் பிள்ளைகளில் பாதிப் பேர் இதை விரிவுரையாளர் தகுதிக்கான தேர்வு என்று மட்டும்தான் நினைக்கிறார்கள். அதே தேர்வில் இன்னும் கொஞ்சம் மேலே மதிப்பெண் போனால் ஜேஆர்எஃப். 2023 ஜனவரியில் உயர்த்திய தொகைப்படி முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அதற்குப் பிறகு சீனியர் ஆனதும் 42,000. இது போக, மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் ஒரு ஜேஆர்எஃப் தேர்வு வைக்கிறது, உயிர்தொழில்நுட்பத் துறை (டிபிடி) தனியாக ஒன்று வைக்கிறது. உயிரியல் பக்கம் படிக்கிறவர்களுக்குப் பாடத்திட்டம் பெருமளவு ஒன்றுதான், ஒரே படிப்பில் மூன்றையும் எழுதலாம். ஒன்றை மட்டும் எழுதிவிட்டு, வரவில்லை என்று விட்டுவிடாதீர்கள். எல்லாவற்றிலும் வயது வரம்பு இருக்கிறது. இரண்டு வருடம் வேலைக்குப் போய்விட்டு அப்புறம் பார்க்கலாம் என்கிற திட்டம் பலருக்கு இந்த இடத்தில்தான் உடைகிறது.

தேர்வே எழுதாமல் கிடைக்கிற ஒன்றும் உண்டு. பல்கலைக்கழக அளவில் முதுகலையில் முதல் ரேங்க் வாங்கியவர்கள் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பையர் ஃபெலோஷிப்புக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம், தொகை ஜேஆர்எஃப் அளவேதான், ஐந்து வருடம் வரை. பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 27. வாழப்பாடி பக்கத்துப் பெண் ஒருத்தி தங்கப் பதக்கத்தோடு பட்டமளிப்பு விழாவில் நின்றாள், நாங்கள் எல்லோரும் கை தட்டினோம், போட்டோ எடுத்தோம். இந்தத் திட்டத்தைப் பற்றி ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை, நான் உட்பட. எனக்கு ஞாபகம் வந்து கூப்பிட்டபோது தேதி முடிந்திருந்தது, அவள் ஓசூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தாள். இன்றைக்கும் அது எனக்கு வலிக்கிறது. உங்கள் துறையில் இந்த வருடம் ரேங்க் வாங்கப்போவது யார் என்று தெரிந்தால், இன்றே அவரிடம் சொல்லுங்கள்.

எம்பிபிஎஸ் படிக்கிறவர்களுக்கு ஐசிஎம்ஆர் 1979 முதல் நடத்திவரும் இரண்டு மாதக் குறுகிய கால ஆய்வு உதவித்தொகை இருக்கிறது. இளங்கலை, முதுகலை அறிவியல் மாணவர்களுக்கு மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்துகிற கோடைக்கால ஃபெலோஷிப் உண்டு, ஆசிரியர்களும் போடலாம். பெங்களூரு நமக்கு ரயிலில் அரை நாள்கூட இல்லை. அங்கே ஒரு நல்ல லேபில் இரண்டு மாதம் வேலை பார்த்துவிட்டு வருகிற பிள்ளை ஆளே மாறித்தான் வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், எழுதுவது. எங்கள் பிள்ளைகள் கொண்டுவரும் ஆய்வுத் திட்டங்களில் பத்துக்கு எட்டு "புற்றுநோய் உலகெங்கும் பெரும் அச்சுறுத்தலாக உள்ளது" என்றுதான் ஆரம்பிக்கும். அப்படி எழுதிக்கொண்டு வந்த ஒரு பையன், காடையாம்பட்டி பக்கம், பேசும்போதெல்லாம் கையால் வாயை மறைத்துக்கொண்டே பேசினான். பல்லில் பழுப்பு வரிகள். கேட்டதற்கு, "எங்க ஊர்ல நெறைய பேருக்கு இப்படித்தான் மேடம், போர் தண்ணி" என்றான். குடிநீரில் ஃப்ளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பல் உருவாகும் சிறு வயதில் அதற்கு மேல் குடித்தால் இந்தக் கறை, வருடக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். அந்தத் தாளை ஓரமாக வைக்கச் சொன்னேன். மறுவாரம் அவன் எழுதி வந்த முதல் வரி: "ஒரே போர் தண்ணீரைக் குடித்து வளர்ந்த எனக்கும் என் பெரியப்பா மகனுக்கும் இடையில், எனக்கு மட்டும் ஏன் பல்லில் கறை?" அதற்குக் கீழே சிறுநீரில் ஃப்ளூரைடு அளப்பது, உணவில் கால்சியம் எவ்வளவு என்று கேட்டுப் பதிவது, யார் யாரிடம், எத்தனை பேரிடம், என்ன செலவில் என்று ஒன்றரைப் பக்கம். படிக்கிற நிபுணர் அந்த முதல் வரியைச் சும்மா கடந்துபோக மாட்டார். மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்டத்துக்கு அதைப் போட்டிருக்கிறான். தொகை சிறியதுதான், ஆனால் மனிதர்களிடம் மாதிரி எடுக்க நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்குவது எப்படி என்று இந்த வயதிலேயே கற்றுக்கொள்கிறான்.

பிஎச்.டி. முடித்தவர்களுக்குச் சுருக்கமாக. தேசிய போஸ்ட்-டாக்டரல் ஃபெலோஷிப் 35 வயது வரை, பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்து வருடத் தளர்வு. இன்ஸ்பையர் ஃபேகல்டி மாதம் 1,25,000, அதோடு ஆய்வுக்கு வருடம் 7 லட்சம், ஐந்து வருடம். உயிரியல், மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி தருகிற இந்தியா அலையன்ஸின் ஃபெலோஷிப்புகளுக்கு வயது வரம்பே கிடையாது. கல்யாணம், குழந்தை என்று சில வருடம் நின்றுபோனவர்கள் தயங்காமல் பார்க்க வேண்டிய இடம் அது. மருத்துவர்களுக்கு அங்கே பிஎச்.டி. கட்டாயமில்லை.

கடைசியாகக் கையெழுத்து. பல விண்ணப்பங்களுக்கு நிறுவனத் தலைவரின் ஒப்புதல் கடிதம் வேண்டும். ஒரு அலுவலகத்தில் என் மாணவரின் கடிதம் ஒன்பது நாள் ஒரே மேசையில் கிடந்தது, கடைசித் தேதிக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் கைக்கு வந்தது. ஒரு மாதம் முன்னாலேயே கொடுத்துவிட்டு, மூன்று நாளுக்கு ஒரு முறை நேரில் போய்க் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

தேர்வான பிறகும் முதல் தொகை கைக்கு வரப் பல மாதம் ஆகலாம், பிறகு மொத்தமாக வரும். அந்த அப்பாவிடமும் இதைச் சொன்னேன். கடன் வேண்டாம், ஆனால் சேர்ந்த புதிதில் ஆறு மாதம் ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் ஏதாவது சேர்த்து வையுங்கள் என்று. சட்டைப்பையிலிருந்த பட்டறைச் சீட்டின் பின்பக்கத்தில் 37,000 என்று எழுதி, அதற்குக் கீழே "6 மாசம்" என்று எழுதிக்கொண்டார்.