அரியர்: சொல்லும் அதற்குரிய தமிழும்

வேலூரில் கல்லூரி விட்டுப் பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகளிடம் ‘ரெண்டு அரியர் விழுந்துடுச்சு’ என்ற பேச்சை அன்றாடம் கேட்கலாம். தேறாத தாள், எழுதாமல் விட்ட தாள் இரண்டுக்கும் இந்த ஒரே சொல்தான். இது மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு இழைக்கும் அநீதி பெரிது என்பதாலேயே இங்கு எடுத்துக்கொண்டேன்.

‘பின்னோக்கி’ எனப் பொருள்படும் ‘அட் ரெட்ரோ’ என்ற இலத்தீன் தொடர், பழைய பிரெஞ்சு வழியே ஆங்கிலம் புகுந்து, உரிய நாளில் கட்டாத பணத்துக்குப் பெயராயிற்று. சம்பள பாக்கியையும் நாம் அரியர் என்றே சொல்கிறோம். அந்தப் ‘பாக்கி’யும் ‘எஞ்சியது’ என்னும் அரபிச் சொல்லிலிருந்து வந்ததே. ஆர்க்காட்டு நவாப்புகள் காலத்தில் பாரசீகம் ஆட்சிமொழியாக இருந்ததை நினைத்தால், வடார்க்காட்டில் அது வேரூன்றியதில் வியப்பில்லை. நம் சொல் ‘நிலுவை’. ‘நில்’ என்பதன் வழிப் பிறந்தது. அதில் பின்தங்கியவர் என்ற குறிப்பு இல்லை. தீராமல் நிற்பது என்பதே பொருள்.

ஆனால் எல்லாத் தாளையும் நிலுவை என்பதும் சரியாகாது. கலை, அறிவியல் இளநிலைப் பட்டம் மூன்றாண்டு, ஆறு பருவம். பருவத்துக்கு இத்தனை தாள் என்ற கட்டு, எல்லோருக்கும் ஒரே வேகம் என்று கொள்கிறது. சொல்லக் கேட்டு எழுதுபவரின் துணையோடு தேர்வெழுதும் பார்வையற்ற மாணவிக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. ஆகவே காலை பத்து மணிக்குத் தொடங்கும் மூன்று மணி நேரத் தேர்வு அவருக்கு இரண்டு மணிக்கு முடிகிறது. அதே நாள் பிற்பகல் இரண்டு மணிக்குப் பழைய தாள் ஒன்றும் அமைந்துவிட்டால், அவரும் எழுதித் தருபவரும் உணவுக்குக்கூட எழ முடியாமல் ஆறு மணிவரை அமர வேண்டும். நேரம் கூட்டிக் கொடுத்தவர்கள் அட்டவணையை மாற்ற மறந்துவிடுகிறார்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூடுதல் நேரத்தோடும் எழுதித் தருபவரோடும் நிற்கவில்லை; பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் ஏற்ற மாற்றம் செய்யச் சொல்கிறது. தாள்தோறும் தனிப்புள்ளி (கிரெடிட்) கணக்கிடும் இன்றைய முறையில், ஆறு தாளில் நான்கை இப்போதும் இரண்டை அடுத்த பருவத்திலும் எழுத வழிசெய்வது கடினமன்று. அவ்வாறு தள்ளிவைப்பது தோல்வியாகாது.

எனவே, எழுதித் தேறாததை ‘நிலுவைத் தாள்’ என்றும், உரிமையோடு பின்னர் எழுதவிருப்பதை ‘ஒத்திவைத்த தாள்’ என்றும் பிரித்து வழங்குவதே பொருத்தம். ‘மூன்றாம் பருவத்தில் நான்கு தாள் எழுதினார், இரண்டை ஒத்திவைத்தார்’ என்று மதிப்பெண் பட்டியலிலும் அப்படியே பதிய வேண்டும்.