பிள்ளைகளுக்கு விவாதத்தை எழுதிக் கொடுக்காதீர்கள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விவாதப் பயிற்சி கொடுப்பது என் வேலை. என் அணிகள் இல்லாத போட்டிகளில் நடுவராகவும் உட்காருவேன். ஒவ்வொரு வருடமும் பெற்றோர்களிடமும் ஆசிரியர்களிடமும் நேரில் சொல்லிக் கொண்டிருந்ததை இந்த வருடம் எழுதியே போட்டுவிடுகிறேன். நேரில் சொன்னால் தலையை ஆட்டிவிட்டுப் போகிறீர்கள். அடுத்த போட்டிக்கு அதே டைப் அடித்த தாள்களோடு பிள்ளை வந்து நிற்கிறது.

சமீபத்தில் மலைமேல் நடந்த போட்டி ஒன்றில் தலைப்பு இது: ஊட்டி, கொடைக்கானல் போல ஏற்காட்டுக்கும் இ-பாஸ் கட்டாயமாக்க வேண்டும். ஒட்டிப் பேசும் அணியில் இரண்டாவது பேச்சாளர் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண். "ஏழைகளின் ஊட்டி என்று போற்றப்படும்..." என்று தொடங்கி, நல்ல குரலில், தடுக்காமல் போய்க் கொண்டிருந்தாள். மூன்றாவது நிமிடத்தில் எதிரணிப் பையன் எழுந்து குறுக்குக் கேள்வி கேட்டான். "ஊட்டியில் 2024 மே மாதம் இ-பாஸ் தொடங்கியபோது வாகன எண்ணிக்கைக்கு வரம்பு எதுவும் இல்லை. வரம்பு 2025 ஏப்ரலில்தான் வந்தது. நீங்கள் கேட்பது எந்த மாதிரி பாஸ்?"

இது ஒன்றும் மடக்குகிற கேள்வி இல்லை. "வரம்பு உள்ள பாஸ்தான்" என்று சொல்லிவிட்டு மேலே போயிருக்கலாம். அவள் நின்றுவிட்டாள். பிறகு முந்தைய வாக்கியத்தை மறுபடி சொன்னாள். அது எங்கேயும் கொண்டுபோய் விடவில்லை. கடைசியில் "மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். பாதியில் கண்ணீர் வந்துவிட்டது. நடுவராக இருப்பவர் எடுத்துக் கொடுக்கக் கூடாது, அதனால் நானும் பார்த்துக் கொண்டுதான் இருந்தேன்.

முடிந்த பிறகு அவளுடைய அப்பா என்னிடம் வந்தார். நல்ல மனிதர், மகள்மேல் உயிராக இருப்பவர். "வீட்ல ஒரு இடத்துலகூட நிக்காம சொன்னா மேடம். இன்னும் ரெண்டு நாள் கிடைச்சிருந்தா நல்லா மனப்பாடம் ஆகியிருக்கும்" என்றார்.

இந்த வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை.

பேச்சுப்போட்டியும் விவாதப்போட்டியும் வேறு வேறு. நம் பள்ளிகளில் பேச்சுப்போட்டிக்கு நீண்ட மரபு உண்டு, அதன்மேல் எனக்கு மரியாதையும் உண்டு. அங்கே தலைப்பு முன்பே தெரியும், பிள்ளை தனியாகப் பேசும், நடுவில் யாரும் எழுந்து கேட்க மாட்டார்கள். ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து, ஏற்ற இறக்கத்தோடு சொன்னால் பரிசு வாங்கிவிடலாம். அந்தப் பழக்கத்தை அப்படியே விவாத மேடைக்குத் தூக்கி வருவதில்தான் கோளாறு.

விவாதத்தில் உங்கள் பிள்ளை பேச வேண்டியதில் பாதிக்கு மேல், எதிரணி பேசி முடித்த பிறகுதான் உருவாகும். அதை வீட்டில் யாராலும் எழுத முடியாது. உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. பல போட்டிகள் பின்பற்றும் உலகப் பள்ளிகள் முறையையே எடுத்துக் கொள்ளுங்கள். அணிக்கு மூன்று பேர், ஒவ்வொருவருக்கும் 8 நிமிடம். முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் போக, நடுவில் எதிரணி எழுந்து கேள்வி கேட்கலாம். ஒட்டிப் பேசும் அணியின் முதல் பேச்சாளர் மட்டும்தான் ஓரளவு முன்பே தயாரித்த பேச்சோடு வரலாம். இரண்டாவது பேச்சாளர் எதிரணியின் முதல் பேச்சுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் தன் வாதத்துக்கு வர வேண்டும். மூன்றாவது பேச்சாளருக்கு மறுப்புதான் பெரும்பகுதி வேலை. உடனடித் தலைப்பு என்றால் கதையே வேறு. தலைப்பைக் கொடுத்து ஒரு மணி நேரத்தில் மேடை ஏறச் சொல்வார்கள், கையில் செல்போன் இருக்காது. அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளையோடு அறைக்குள் உட்கார எனக்கே அனுமதி கிடையாது.

மதிப்பெண்ணையும் பாருங்கள். நூற்றுக்கு உள்ளடக்கம் 40, பேசும் விதம் 40, உத்தி 20. உத்தி என்பதில் எது முக்கியமான கேள்வி என்று கண்டுபிடித்து அதற்கு நேரம் ஒதுக்கினார்களா என்று பார்ப்போம். எதிரணியின் வாதம் மேசைமேல் கிடக்கும்போது அதைத் தொடாமல் ஒப்பிக்கிற பிள்ளைக்கு அங்கே என்ன போட முடியும்? உள்ளடக்கத்திலும் பதில் இல்லாத வாதம் பாதி வாதம்தான். சரி, பேசும் விதத்திலாவது எடுத்துவிடலாம் என்று நினைப்பீர்கள். ஒப்பிக்கிற பிள்ளையின் கண்ணைக் கவனித்திருக்கிறீர்களா? அது நடுவரைப் பார்க்காது, அடுத்த வரியைத் தேடிச் சுவருக்கு மேலே எங்கேயோ பார்க்கும். நடுவர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு அது முதல் அரை நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

மதிப்பெண் போனால் போகட்டும். மேடையில் உறைந்து நிற்கும் பிள்ளை 'எனக்கு விவாதம் வராது' என்ற முடிவோடு வீட்டுக்குப் போகிறது. தன்னிடம் இருந்தது தன் வாதம் இல்லை என்பது அதற்குத் தெரியாது. அடுத்த வருடம் பெயர் கொடுக்காது. நன்றாக யோசிக்கக்கூடிய எத்தனையோ பெண்களை இப்படித்தான் பத்தாம் வகுப்புக்குள் இழந்திருக்கிறோம்.

இப்போது சாட்ஜிபிடி வேறு வந்துவிட்டது. முன்பு அப்பாவோ தமிழய்யாவோ இரவு உட்கார்ந்து எழுதினார்கள், கேட்டால் அவர்களுக்காவது விளக்கம் தெரிந்திருக்கும். இப்போது பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிடுகிறீர்கள். "ஒரு ஆய்வின்படி" என்று அதில் வரும். எந்த ஆய்வு, யார் செய்தது, எந்த ஊரில் என்று எதிரணி கேட்டால் பிள்ளை விழிக்கும். இல்லாத ஆய்வையும் இல்லாத எண்ணையும் அது சரளமாக எழுதித் தரும். சரிபார்க்காமல் பிள்ளையின் வாயில் வைத்தவர் நீங்கள். தகவல் திரட்ட ஒரு தொடக்கமாக அதைப் பயன்படுத்தினால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் மேடையில் சொல்லப் போகிற ஒவ்வொரு எண்ணுக்கும் மூலம் எது என்று பிள்ளையே தேடிப் படித்திருக்க வேண்டும்.

தேடிப் படிக்க நம் ஊரிலேயே விஷயம் கொட்டிக் கிடக்கிறது. சேலம்–சென்னை எட்டுவழிச் சாலையை எடுங்கள். சுமார் 277 கிலோமீட்டர், ஐந்து மாவட்டங்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கையை ரத்து செய்தது. அறிவிக்கைக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டுமா என்ற கேள்வியில், 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதற்கு நேர்மாறான பதிலைச் சொன்னது. ஒரே வழக்கில் இரண்டு பக்கத்துக்கும் நீதிபதிகளே வாதம் எழுதி வைத்திருக்கிறார்கள். செய்தித்தாளில் வந்த சுருக்கங்களைப் படித்தாலே ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு மாதம் பயிற்சி செய்யலாம். வீட்டில் யாருக்காவது அந்தப் பாதையில் நிலம் இருந்தால், அவர்களிடம் போய்க் கேட்டுவிட்டு வரச் சொல்லுவேன். காகிதத்தில் இல்லாத வாதம் அங்கேதான் கிடைக்கும்.

இ-பாஸ் தலைப்பிலேயே வேறொரு அறையில் நடந்ததைச் சொல்கிறேன். எஸ்டேட் வேலைக்குப் போகிற குடும்பத்துப் பையன், தமிழ்வழியில் படிப்பவன். அவனுடைய பேச்சில் அலங்காரம் எதுவும் இல்லை. எதிரணி "ஊட்டியில் செல்லுபடியானது இங்கேயும் செல்லும்" என்றதும் எழுந்து சொன்னான்: ஊட்டிக்கு வருகிறவர் தங்க வருகிறார், முன்பே திட்டம் போட்டிருப்பார். ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர்தான், காலையில் ஏறி சாயங்காலம் இறங்குகிறவர்கள் நிறைய. அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுப் பாதை ஒன்று, குப்பனூர் வழியாக இன்னொன்று, இரண்டிலும் சோதனைச் சாவடி போடப் போகிறீர்களா? தினமும் வேலைக்கு ஏறி இறங்குகிறவர்கள் என்ன செய்வார்கள்? வாக்கியங்கள் அங்கங்கே முறிந்தன. "அது வந்து" என்று நிறைய வந்தது. ஆனால் அந்தச் சுற்றை அவன்தான் தூக்கி நிறுத்தினான். இதை எந்த அப்பாவும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஆங்கிலத்தைப் பற்றியும் இங்கேயே ஒரு வார்த்தை. ஆங்கில விவாதத்துக்குப் பிள்ளையை அனுப்பும்போது உச்சரிப்பை மாற்றச் சொல்லிக் கொடுக்காதீர்கள். உச்சரிப்புக்கு மதிப்பெண் கிடையாது, புரிந்தால் போதும். 1988 முதல் நடந்துவரும் உலகப் பள்ளிகள் விவாத சாம்பியன்ஷிப்பை 2019இல் பாங்காக்கில் இந்திய அணி வென்றது. அந்த மேடையில் ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத நாடுகளின் பிள்ளைகள் ஏராளமாகப் பேசுகிறார்கள்.

இன்னொரு தகராறும் அடிக்கடி வரும். "மதுவிலக்கை வெட்டிப் பேசச் சொன்னீங்களாமே, எங்க வீட்டுப் பொண்ணு அப்படிப் பேசலாமா?" என்று ஒரு அம்மா என்னிடம் கோபப்பட்டார். அவருடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் எந்தப் பக்கம் என்பதை நாணயம் சுண்டியோ சீட்டு எடுத்தோ முடிவு செய்வார்கள், பிள்ளையின் சொந்தக் கருத்தை அங்கே யாரும் கேட்பதில்லை. நம் சேலம் மாவட்டத்தில்தான் 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி அரசு முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 1971இல் அது தமிழ்நாட்டில் தளர்த்தப்பட்டது. ஏன் கொண்டுவந்தார்கள், ஏன் தளர்த்தினார்கள், 2003 முதல் ஏன் அரசே கடை நடத்துகிறது என்று மூன்றையும் படித்த பிள்ளை, எந்தப் பக்கம் பேசினாலும் மதுவின் கேட்டைப் பற்றி உங்களைவிடத் தெளிவாக இருக்கும். இரண்டு பக்கமும் பேசிப் பார்த்ததால் ஒழுக்கம் கெட்ட ஒரு பிள்ளையை நான் இன்னும் சந்திக்கவில்லை.

சரி, என்ன செய்யலாம்?

முழு வாக்கியமாக எழுதவே விடாதீர்கள். வாதத்துக்கு ஒரு வரி, உதாரணத்துக்கு ஒரு வரி, அவ்வளவுதான் குறிப்பு. மனப்பாடம் செய்தே ஆக வேண்டும் என்றால் முதல் இரண்டு வாக்கியங்களையும் கடைசி வாக்கியத்தையும் செய்யட்டும்.

எதிரணி பேசும்போது எழுதப் பழக்குங்கள். ஏ4 தாளைக் குறுக்கே வைத்து, ஒரு பேச்சாளருக்கு மேலிருந்து கீழாக ஒரு பத்தி, எதிரணி சொன்னது ஒரு நிறம், நம் பதில் இன்னொரு நிறம். என் பயிற்சியில் முதல் சில வாரங்கள் பிள்ளைகள் பேசுவதே இல்லை, இதைத்தான் செய்வார்கள். "எப்போ பேச வைப்பீங்க?" என்று வீட்டிலிருந்து போன் வரும். பொறுத்துக் கொள்ளுங்கள்.

வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பயிற்சி செய்யலாம். நீங்கள் ஏதாவது ஒரு கருத்தைச் சொல்லுங்கள். பிள்ளை முதலில் நீங்கள் சொன்னதை உங்களுக்கு நியாயமாக, தன் வார்த்தையில் ஒரு வரியில் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் மறுப்பு. அது எங்கே தவறு, தவறாக இருந்தால் அதனால் என்ன, இரண்டையும் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துப் பக்கத்தை மாற்றுங்கள். தோற்றால் தோற்றுக் கொள்ளுங்கள், "பெரியவங்ககிட்ட எதிர்த்துப் பேசாதே" என்று நடுவில் அதட்டிவிட்டால் அன்றோடு பயிற்சி முடிந்தது.

கத்தச் சொல்லாதீர்கள். வகுப்பறை அளவு அறையில் நடக்கும் போட்டிக்குத் தொண்டையைக் கிழித்துக் கொள்ள வேண்டியதில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அணியைத் தேர்ந்தெடுக்கும்போது பேச்சுப்போட்டியில் கோப்பை வாங்கிய பிள்ளையை மட்டும் கூப்பிடாதீர்கள். வகுப்பில் "அது எப்படி மிஸ்?" என்று விடாமல் கேட்டுத் திட்டு வாங்கும் பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும். அதைக் கொஞ்சம் என்னிடம் அனுப்பி வையுங்கள்.

போட்டி நாளில் மலையேறும் முன் வயிறு முட்டச் சாப்பாடு வேண்டாம். வளைவுகளில் குமட்டிக் கொண்டு வந்து முதல் சுற்றில் முகம் வெளுத்து உட்காரும் பிள்ளைகளை வருடாவருடம் பார்க்கிறேன். இரண்டு இட்லி போதும், மிச்சத்தை மேலே போய்ச் சாப்பிடட்டும்.

முடிந்து இறங்கும்போது தோல்விக்கு விசாரணை வைக்காதீர்கள். நடுவர் சொன்ன காரணங்களைப் பிள்ளை எழுதி வைத்திருக்கும். "எதிரணி சொன்னதுல எதுக்கு உன்னால பதில் சொல்ல முடியலை கண்ணு?" என்று கேளுங்கள். சொன்னதும், "இப்போ என்ன சொல்லுவே?" என்று கேளுங்கள். பதில் வர அடிவாரம் வரைக்கும்கூட ஆகலாம். அதுவரை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள்.