ஃபிளெமிங்: ஆள் பெயரா, ஊர்க்காரரா?

1569 இல் புகழ்பெற்ற உலகப்படத்தை வெளியிட்ட மெர்கேட்டரை ஆங்கிலத்தில் ‘ஒரு ஃபிளெமிங்’ என்பார்கள். அதைத் தமிழில் ‘மெர்கேட்டர் ஃபிளெமிங்’ என்று எழுதிவிட்டால் ஆளே மாறிவிடுவார். அங்கே ஃபிளெமிங் என்பது பெயரில்லை. ஃபிளாண்டர்ஸ்காரர் என்று பொருள்.

ஃபிளாண்டர்ஸ் இன்று பெல்ஜியத்தின் வடபகுதி. பேச்சு டச்சு மொழி. கடலோரத் தாழ்நிலம் என்பதால், ‘வெள்ளம்’ என்ற பொருளுள்ள பழைய ஜெர்மானிய வேரிலிருந்து இந்தப் பெயர் வந்தது என்பதே பெரும்பான்மைக் கருத்து.

சரி, இது எப்படிக் குடும்பப்பெயர் ஆனது? சொந்த ஊரில் யாரையும் ஊர்ப்பெயர் சொல்லி அழைக்கமாட்டார்கள். வெளியூர் போனால்தான் அது ஒட்டிக்கொள்ளும். 12ஆம் நூற்றாண்டில் ஃபிளாண்டர்ஸிலிருந்து நெசவாளரும் வணிகரும் படைவீரரும் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து பக்கம் போய்க் குடியேறினார்கள். வேல்ஸின் பெம்புரோக்ஷயரில் அவர்களைக் குடியமர்த்தியவர் அரசர் முதலாம் ஹென்றி. அக்கம்பக்கத்தார் அழைத்த பெயர் தலைமுறைகளுக்கும் நின்றுவிட்டது. அதனால்தான் 1928 இல் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் ஸ்காட்லாந்துக்காரர். மின்மோட்டாரில் விசையின் திசையைக் கைவிரல்களால் காட்டும் இடக்கை விதியைத் தந்த ஆம்புரோஸ் ஃபிளெமிங் இங்கிலாந்துக்காரர். சென்னை சூப்பர் கிங்ஸ் பயிற்சியாளராக நாம் அறிந்த ஸ்டீபன் ஃபிளெமிங் நியூசிலாந்துக்காரர்.

ஸ்பானிய மொழியில் ‘ஃபிளமெங்கோ’ என்ற ஒரே சொல் ஃபிளாண்டர்ஸ் மக்களையும், ஸ்பெயினின் புகழ்பெற்ற அந்த நடனத்தையும், பூநாரையையும் குறிக்கும். மூன்றும் எப்படி ஒன்றாயின என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

தமிழில் என்ன எழுதலாம்? குடும்பப்பெயரை மொழிபெயர்க்க வேண்டாம். ஃபிளெமிங் என்றே இருக்கட்டும், வேற்றுமை சேரும்போது ‘ஃபிளெமிங்கின்’ என்று வரும். மக்களைச் சொல்லும்போது ‘ஃபிளெமியர்’ என்பதே நல்லது. ஆங்கிலேயர், ஒல்லாந்தர் (நெதர்லாந்துக்காரர்) என்று நாம் முன்பே பழகிய அமைப்புதான் இது. மெர்கேட்டர் ஒரு ஃபிளெமியர், ஃபிளெமிய ஓவியம் என்று இயல்பாக வரும். ‘ஃபிளெமிங்குகள்’ என்றால் ஒரே குடும்பத்து ஆட்களைச் சொல்வதுபோல் ஆகிவிடும்.

டச்சு பேசுகிறார்கள் என்பதற்காக ஒல்லாந்தர் என்று எழுதிவிடவும் கூடாது. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் 18ஆம் நூற்றாண்டில் பண்டகசாலை வைத்திருந்த ஆஸ்டெண்டு கம்பெனி, 1722 இல் பட்டயம் பெற்றது. ஃபிளாண்டர்ஸின் ஆஸ்டெண்டு துறைமுகத்திலிருந்து கப்பல் விட்டது. அந்தக் கம்பெனியை இழுத்து மூட ஆங்கிலேயரோடு சேர்ந்து நெருக்கியவர்களே ஒல்லாந்தர்தான்.