காடிப்பொறி: மரவேலை ரவுட்டர் ‘திசைவி’ அல்ல

மரவேலைக் கருவி விற்கும் தமிழ்ப் பக்கம் ஒன்றில் போன வாரம் மறுபடியும் பார்த்தேன்: ‘சேர்க்கைத் திசைவித் தொகுப்பு’. கீழே இருந்த படமோ மரத்தில் பள்ளம் எடுக்கும் மிஷின். திசைவி என்பது வீட்டில் இணையத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியின் பெயர். அதற்கும் இந்த மிஷினுக்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டு, router. வேறு எந்த உறவும் கிடையாது. மொழிபெயர்த்தவர் பக்கத்திலிருந்த படத்தைக்கூடப் பார்க்கவில்லை. பேசாமல் விட்டால் இதுவே நிலைத்துவிடும் என்பதால்தான் எழுதுகிறேன்.

சொல் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இணையப் பெட்டியின் பெயர் பாதை என்று பொருள்படும் ‘ரூட்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. மரவேலைக் கருவியின் பெயர் ‘ரவுட்’ என்ற வினையிலிருந்து வந்தது. கிண்டு, தோண்டி எடு என்று பொருள். பன்றி மூக்கால் மண்ணைக் கிளறுவதைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்தான் அதன் மூலம். பிரிட்டனில் உச்சரிப்பிலேயே பிரித்துவிடுகிறார்கள்: பெட்டி ரூட்டர், கருவி ரவுட்டர். அமெரிக்காவில் பெரும்பாலும் இரண்டும் ரவுட்டர். மின்சாரம் வருவதற்கு முன்பு இந்த வேலைக்கு ஒரு கைக்கருவி இருந்தது. ஒரு கட்டையின் நடுவிலிருந்து சின்ன உளி ஒன்று கீழே துருத்திக்கொண்டு நிற்கும். ஆங்கிலத் தச்சர்கள் அதைக் ‘கிழவியின் பல்’ என்று அழைத்தார்கள். திசையைப் பற்றிய நினைப்பே அதில் இல்லை.

திசைவி என்ற சொல்லின்மேல் எனக்குக் கோபம் இல்லை. தகவலை இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போ என்று அனுப்பும் பெட்டிக்கு அது நல்ல பெயர், அழகான பெயரும்கூட. அதைக் கொண்டுவந்து தேக்குப் பலகைமேல் வைத்ததுதான் தப்பு.

தப்பான பெயரால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கதவைக் காட்டுகிறேன். காரைக்குடியில் எங்கள் பட்டறைக்குப் பழைய வீட்டுக் கதவுகளும் சன்னல்களும் செப்பனிட வரும். பர்மாத் தேக்கு, இன்று அந்தத் தரத்தில் பலகை வாங்குவது குதிரைக்கொம்பு. போன வருஷம் கானாடுகாத்தானிலிருந்து இரண்டாங்கட்டுக் கதவு ஒன்று வந்தது. அண்ணன் மகன் அப்போதுதான் பட்டறைக்கு வரத் தொடங்கியிருந்தான். ரவுட்டர் வாங்கும் பொறுப்பை அவனிடம் விட்டேன். இதே மாதிரி ஒரு தமிழ்ப் பக்கத்தைப் படித்திருக்கிறான். இரண்டு அடிகள் (மோட்டாரைப் பிடித்துக்கொண்டு மரத்தின்மேல் உட்காரும் அடிப்பாகம்) சேர்ந்து வரும் செட்டுக்கு நேரே ‘நிலையான தளம் மற்றும் மூழ்கும் தளம்’ என்று போட்டிருந்ததாம். “மூழ்குற தளம் ஈரமான வேலைக்குப் போல, நமக்கெதுக்கு சித்தப்பா” என்று அதை ஒதுக்கிவிட்டு, ஓர் அடி மட்டும் உள்ளதை வாங்கி வந்தான். விலையும் குறைவு. நானும் கவனிக்காமல் சரி என்றுவிட்டேன்.

கதவுச் சட்டத்தின் நடுவில் இரண்டு பக்கமும் மூடிய காடி ஒன்று எடுக்க வேண்டியிருந்தது. ஓரத்திலிருந்து உள்ளே நுழைய வழியில்லை. மேலிருந்துதான் இறங்க வேண்டும். ஒற்றை அடியில் ஆழத்தை முன்கூட்டியே பூட்டிவிடுவதால் பிட்டு, அதாவது சுழன்று வெட்டும் அலகு, எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவன் மிஷினைச் சாய்த்துப் பிடித்து, ஓடுகிற பிட்டை மரத்தில் மெல்ல இறக்கப் பார்த்தான். மிஷின் உதைத்தது. விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. சட்டத்தின் விளிம்பில் சுட்டுவிரல் நீளத்துக்கு மரம் பிய்ந்து போனது. அதே தேக்கில் சக்கை வெட்டி ஒட்டி இழைத்தோம். ஆனாலும் ரேகை மாறி ஓடுவது வெளிச்சத்தில் தெரியும். நூறு வருஷத்துக் கதவில் அந்தத் தழும்பு ‘மூழ்கும் தளம்’ போட்டது என்றுதான் நான் சொல்வேன்.

அன்றைக்குப் பட்டறையின் மூத்த ஆசாரியிடம், “அண்ணே, இதுக்கு நீங்க என்ன பேர் சொல்வீங்க?” என்று கேட்டேன். கையிலிருந்த உளியைக் கீழே வைக்காமலே, “காடி எடுக்கிற மிஷினுதானே தம்பி?” என்றார்.

அதுதான் சொல். நம் பக்கத்துத் தச்சர்கள் வாயில் தினமும் புழங்கும் சொல். கதவு வந்து பொருந்துவதற்கு நிலையில் வெட்டிய படி காடி. பலகையின் விளிம்பு நுழைவதற்குச் சட்டத்தின் நீளத்துக்கு எடுத்த வாய்க்கால் காடி. கண்ணாடி உட்காரும் பள்ளமும் காடி. தொழுவத்தில் மாட்டுக்குத் தீவனம் போடுகிற நீளமான தொட்டிக்கும் காடி என்றே பெயர். நீளவாக்கில் குழிந்த உருவம் இரண்டிலும் ஒன்றுதான். அந்தக் கானாடுகாத்தான் கதவைப் பிரித்தபோது பலகை உட்கார்ந்திருந்த காடிக்குள் விரலை விட்டுத் தடவினேன். பக்கச் சுவர்கள் வழவழவென்று இருந்தன. அடித்தளத்தில் மட்டும் உளி நின்று நின்று போன சிறு சிறு மேடுகள், அரிசி மணி அளவுக்கு. யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும், பலகை ஆடாதபடி ஆழத்தை ஒரே சீராக வைத்திருந்தார் அந்தத் தச்சர். இன்று மின்சாரத்தில் நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்றுச் சுற்றி ரவுட்டர் செய்வதும் அதே வேலைதான். வேலை மாறாதபோது அதன் பெயரை எதற்கு வெளியில் தேட வேண்டும்? காடிப்பொறி என்று சொல்லுங்கள். பொறி கனமாகத் தோன்றினால் காடி மிஷின் என்றே சொல்லுங்கள், எனக்குச் சம்மதம்.

இதைச் சொன்னதும் தமிழாசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் மறுத்தார். காடி என்றால் புளித்த கஞ்சி, வினிகர் என்றல்லவா படிப்பவர் நினைப்பார், ‘குடைவி’ என்று வைக்கலாமே என்றார். சொல் சின்னது, உலாவி, செயலி வரிசையில் வரும் என்பது அவர் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, பட்டறையில் நிற்காது. குடைவது என்றால் வண்டு மரத்தைக் குடைகிற மாதிரி, காது குடைகிற மாதிரி, ஒரே இடத்தில் நின்று உள்ளே போவது. அந்த வேலைக்குத் துளைப்பான் இருக்கிறது. ரவுட்டரின் தனித்தன்மையே பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே வெட்டுவதுதான். துளை போடுகிற பிட்டின் கூர் நுனியில் இருக்கும். ரவுட்டர் பிட்டுக்கு வெட்டும் விளிம்பு பக்கங்களில் ஓடும். குடைவி என்று பெயர் வைத்துவிட்டால் புதிதாக வருபவன் இதைத் துளைப்பான் மாதிரி நேராக அழுத்தித்தான் பிடிப்பான். வினிகர் குழப்பத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. மா என்றால் மரமும் உண்டு, மாவும் உண்டு, யாரும் குழம்புவதில்லை. பட்டறையில் ‘காடி எடு’ என்றால் கஞ்சிப்பானையை எவரும் தேடுவதில்லை.

அவர் இன்னொன்றும் கேட்டார். அது நியாயமான கேள்வி. இந்த மிஷின் காடி மட்டுமா எடுக்கிறது? விளிம்பை உருட்டுகிறது, மாதிரிக்கட்டையை ஒட்டி வளைவு வெட்டுகிறது, கீல் உட்காரப் பள்ளம் போடுகிறது. உண்மைதான். ஆனால் ஆங்கிலப் பெயரும் தோண்டுவதை மட்டும்தானே சொல்கிறது. முதல் வேலையின் பெயர் கருவிக்கு ஒட்டிக்கொள்வது எந்த மொழியிலும் வழக்கம்.

அடுத்து, ஆங்கிலத்தில் ‘காம்போ கிட்’ எனப்படும் அந்தச் செட். ‘சேர்க்கைத் தொகுப்பு’ என்பதில் என்ன தெரிகிறது? எதோடு எது சேர்ந்தது? விஷயம் இதுதான்: மோட்டார் ஒன்று, அதைக் கழற்றி மாட்ட அடி இரண்டு. ஆகவே ஈரடிக் காடிப்பொறி. குறள் படித்த யாருக்கும் ஈரடியை விளக்க வேண்டியதில்லை. அடிகளில் ஒன்று, ஆழத்தைப் பூட்டியபின் அசையாமல் நிற்பது. அதை முதலில் ‘நிலையடி’ என்று எழுதிவிட்டு உடனே அடித்தேன். எங்களுக்கு நிலை என்றால் வாசல் நிலை. ‘ஊன்றடி’ சரியாக இருக்கிறது. மற்றது, மேலிருந்து கையால் அமுக்கினால் இறங்கி, விட்டால் வில்சுருளால் எழும்புவது. அது ‘அமுக்கடி’, அந்தத் தமிழ்ப் பக்கத்தின் ‘மூழ்கும் தளம்’. ஜெர்மனியின் எலூ நிறுவனம் 1949 வாக்கில் முதன்முதலில் கொண்டுவந்த வகை அது. மூழ்குவதற்கு அதில் தண்ணீருமில்லை, ஆழ்கடலுமில்லை.

பெயர் சரியாக இருந்தால் தேர்வும் பாதி முடிந்த மாதிரி. விளிம்பு உருட்டவும், மேசைக்கு அடியில் தலைகீழாக மாட்டி ஓட்டவும் ஊன்றடி. மூடிய காடிக்கும் பூட்டுக்குழிக்கும் அமுக்கடி. கதவு, சன்னல் வேலை செய்கிறவருக்கு இரண்டும் வேண்டும். அமெரிக்காவில் அதிகம் பேசப்படும் செட்டுகளில் போஷ் 1617 வரிசையும் டிவால்ட் 618 வரிசையும் 2.25 குதிரைத்திறன், 12 ஆம்ப். முன்னது 8,000 முதல் 25,000 சுற்று, பின்னது 8,000 முதல் 24,000 சுற்று. டிவால்ட் 611 சின்னது, 1.25 குதிரைத்திறன், 16,000 முதல் 27,000 சுற்று. குறைந்த வேகம் எவ்வளவு என்று பாருங்கள், ஏனென்றால் பிட்டு அகலமாக ஆக வேகத்தைக் குறைத்தாக வேண்டும். சொந்தக்காரர் அங்கிருந்து வாங்கி வருகிறார் என்றால் யோசியுங்கள்: அவை 120 வோல்ட் மிஷின்கள், நம் வீட்டில் 230. 12 ஆம்ப் என்றால் 1,440 வாட். அதைத் தாங்க டிரான்ஸ்ஃபார்மர் பெரிதாக வேண்டும். கோலெட்டும், அதாவது பிட்டின் தண்டை இறுக்கிப் பிடிக்கும் வாயும், அப்படித்தான். அவர்களுடையது கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர், அரை அங்குலம், 12.7. இங்கே கடையில் 6, 8, 12 மில்லிமீட்டர் பிட்டுகளும் கலந்து கிடக்கும். 6 மில்லிமீட்டர்த் தண்டைக் கால் அங்குலக் கோலெட்டில் இறுக்கினால் பிடித்த மாதிரித் தெரியும், ஓட்டத்தில் நழுவும். அந்தத் தமிழ்ப் பக்கத்தில் பிட்டு ‘துண்டு’ ஆகியிருந்தது. ‘கால் அங்குலத் துண்டு’ என்று படித்தால், தண்டின் கனமா வெட்டின் அகலமா என்று யாருக்குப் புரியும்?

இப்படி எழுதுகிறவர்களிடம் எனக்குள்ள மனத்தாங்கல் தூய்மையைப் பற்றியது மட்டுமில்லை. ரவுட்டர் என்று தமிழ் எழுத்தில் அப்படியே போட்டிருந்தால்கூட என் அண்ணன் மகன் யாரிடமாவது கேட்டிருப்பான். அரைகுறைத் தமிழ்ச் சொல் வந்தபோது புரிந்துவிட்டதாக நினைத்தான். தமிழ்த்தாய்க்குக் கோயில் கட்டிய ஊர்க்காரன் நான். தமிழில் எழுத வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். எழுதுவதற்கு முன் பக்கத்துப் பட்டறையில் பத்து நிமிஷம் நின்று கேளுங்கள் என்கிறேன். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளில் தூணும் கதவும் சாத்தி வைத்திருக்கிறார்களே, அங்கே போய்க் கேட்டாலும் காடி எது என்று விரல் வைத்துக் காட்டுவார்கள்.

கோலெட்டுக்கு மட்டும் நான் சொல் தேடவில்லை. பட்டறையில் எல்லோருக்கும் கோலெட்டுதான். அதைவிட நன்றாக யாராவது சொல்லும்வரை அது அப்படியே இருக்கட்டும். இந்த மாதம் ஈரடிச் செட்டு வாங்கியாகிவிட்டது. பெட்டியின்மேல் அண்ணன் மகனே ‘அமுக்கடி, ஊன்றடி, 8 மி.மீ. கோலெட்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறான்.